விளம்பரம் வந்தால் வீடு அதிர்வது ஏன்?

கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் உள்ளூர் கேபிள் சேனல் நடத்தப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ஓர் அறை, ஒரு கணினி, நிகழ்ச்சிகளை வரிசையாக ஓட்டும் பிளேலிஸ்ட் மென்பொருள், ஓர் என்கோடர் போதும். மாலை ஏழு மணிக்கு ஊர்ச் செய்தி, நடுவே ஜவுளிக்கடை, நகைக்கடை, பள்ளி அட்மிஷன், காதணி விழா வாழ்த்து. பிறகு சினிமாப் பாட்டு. விசேஷ நாளென்றால் கும்பாபிஷேகமோ தேரோட்டமோ. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கையிலிருந்து வருகின்றன. செய்தியை யாரோ மொபைலில் எடுத்திருப்பார்கள். ஜவுளிக்கடை விளம்பரம் சென்னை ஸ்டூடியோவில் மிக்ஸ் ஆகி வந்திருக்கும். கோயில் நிகழ்ச்சியின் ஒலி, பந்தலில் மைக்செட் போட்டவரிடமிருந்து வாங்கியது. எல்லாம் ஒரே வரிசையில் அடுத்தடுத்து ஓடும்போது பார்ப்பவர் ரிமோட்டைக் கீழே வைக்கவே முடிவதில்லை. செய்தி காதில் விழவில்லை என்று சவுண்டை ஏற்றுகிறார். விளம்பரம் வந்ததும் தூளியில் தூங்கும் குழந்தை திடுக்கிட்டு எழுகிறது. பதறிக் குறைக்கிறார்.

இந்தக் கோளாறைச் சேனல் நடத்துபவர் தன் அறையிலேயே சரிசெய்துவிட முடியும். புதிதாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. எதை அளக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

எடிட்டிங் மேசையில் இந்தப் புகாரைச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரெண்டுக்கும் பீக் ஒண்ணுதான் சார், மீட்டரைப் பாருங்க." அவர் சொல்வது உண்மை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் இரண்டு டிராக்டர் டிரெய்லர்களை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றில் அரை வண்டிக் கரும்புதான். ஆனால் ஒரே ஒரு கழி நிமிர்ந்து நிற்கிறது. மற்றதில் அதே உயரத்துக்குக் கட்டுக்கட்டாக நெருக்கி அடுக்கியிருக்கிறது. உயரத்தை அளந்தால் இரண்டும் சமம். எடைமேடையில் ஏற்றினால்தான் வேறுபாடு தெரியும். பீக் மீட்டர் காட்டுவது உயரத்தை. காது உணர்வது எடையை. இந்த எடைக்குத்தான் லவுட்னஸ், பள்ளிப் பாடப்புத்தகத் தமிழில் உரப்பு, என்று பெயர்.

விளம்பரத்தை மிக்ஸ் செய்பவர் கம்ப்ரஸரால் உரத்த இடங்களை அமுக்குகிறார், பிறகு மொத்தத்தையும் தூக்குகிறார், உச்சியில் லிமிட்டரை வைத்து நிறுத்துகிறார். முப்பது விநாடியில் மூச்சுவிடும் இடைவெளிகூட இருக்காது. செய்தி வாசிப்பவரின் பேச்சிலோ சொல்லுக்குச் சொல் ஏற்ற இறக்கம் இருக்கும், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தம் இருக்கும். இரண்டின் பீக்கும் ஒரே கோட்டைத் தொட்டாலும் சராசரியில் பத்துப் பதினைந்து டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு உரப்பாகக் கேட்கும் என்பது ஒலியியலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு.

இந்தச் சிக்கலை முன்பு கருவி தீர்க்கவில்லை, மனிதக் கை தீர்த்தது. சென்னை வானொலி நிலையம் தொடங்கியது 1938இல், திருச்சி நிலையம் 1939இல். ஊசி ஆடும் வி.யூ. மீட்டர் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டதும் அதே 1939இல்தான். பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய மீட்டர் அது. வானொலிக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அந்த ஊசியைப் பார்த்தபடி, ஒரு காதால் நிகழ்ச்சியைக் கேட்டபடி, ஃபேடரில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பார். நாதஸ்வரம் முடிந்து உரைச்சித்திரம் தொடங்கும்போது அவர் விரல் தானாக நகரும். பிளேலிஸ்ட் மென்பொருள் வந்த பிறகு அந்த நாற்காலி காலியாகிவிட்டது. கோப்பு எந்த அளவில் வந்ததோ அதே அளவில் வெளியே போகிறது. உள்ளூர் சேனல்களில் கேட்கும் மேடுபள்ளத்துக்கு முதல் காரணம் இதுதான், விளம்பரதாரரின் பேராசை இரண்டாவது காரணம்தான்.

காலியான நாற்காலியின் வேலையைச் செய்ய ஒரு கணக்கு தேவைப்பட்டது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் பி.எஸ். 1770 என்ற பரிந்துரையை வெளியிட்டது. எல்லா அதிர்வெண்ணையும் நம் காது ஒரே மாதிரி கேட்பதில்லை என்று 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்து காட்டியிருந்தார்கள். அந்த அறிவை எளிய வடிகட்டியாக்கி இதில் சேர்த்தார்கள்: அடித்தளத்தில் உறுமும் ஒலிக்குக் கணக்கில் மதிப்பு குறைவு, ஏறத்தாழ 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான ஒலிக்கு மதிப்பு கூடுதல். 2011இல் வந்த திருத்தத்தில் ஒரு வாசற்கதவும் சேர்ந்தது. நிசப்தமும், சராசரியைவிடப் பத்து அலகுக்குமேல் தணிந்த பகுதிகளும் கணக்கில் நுழையாது. இந்தக் கதவு இல்லாவிட்டால் நிகழ்ச்சியின் நடுவே நீண்ட மௌனத்தை வைத்துச் சராசரியைக் குறைத்துக்காட்டி, மீதி நேரத்தில் கத்த முடியும்.

இந்த அளவையின் அலகு எல்.யூ.எஃப்.எஸ். டிஜிட்டல் ஒலியின் கூரை பூஜ்யம். எல்லா அளவும் அதற்குக் கீழே இருப்பதால் கழித்தல் குறியோடு எழுதுவார்கள். −23 என்றால் கூரைக்கு 23 அலகு கீழே. ஓர் அலகு ஏற்றுவதும் ஒரு டெசிபல் ஏற்றுவதும் ஒன்றே. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010 ஆகஸ்டில் ஆர் 128 என்ற பரிந்துரையில் எல்லா நிகழ்ச்சியும் எல்லா விளம்பரமும் −23இல் இருக்க வேண்டும் என்றது. அமெரிக்கா −24ஐ எடுத்துக்கொண்டது. விளம்பர இரைச்சலைக் கட்டுப்படுத்தவே அங்கு தனிச் சட்டம் போட்டார்கள். 2010 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட அது 2012 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவிலும் விதி இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் விளம்பரத்துக்கான நெறி 7ஆம் விதியில் வருகிறது. விளம்பரத்தின் காட்சியும் ஒலியும் மிதமிஞ்சி உரக்க இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. மணிக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்குமேல் விளம்பரம் கூடாது என்பதும் அதே விதியில் உள்ளதுதான். விளம்பர ஒலி நிகழ்ச்சியின் ஒலியைத் தாண்டக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையிலும் இருந்தது. மறு ஆண்டுத் திருத்தத்தில் விளம்பர நேரத்தைப் பற்றிய பகுதிதான் மிஞ்சியது. "மிதமிஞ்சி" என்பதற்கு 7ஆம் விதி எண் எதுவும் தரவில்லை. அதனால் எண்ணைச் சேனல் நடத்துபவரே வைத்துக்கொள்ள வேண்டும். உலகில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட −23ஐ எடுத்துக்கொள்வது நல்லது. ட்ரூ பீக், அதாவது ஒலி அலையின் உண்மையான உச்சம், −1ஐத் தாண்டாமல் இருக்கட்டும். நேரலைக்கு ஓர் அலகு கூடக் குறைய இருக்கலாம்.

இனி வேலைக்கு வரலாம். கணினியில் மாலை நிகழ்ச்சிக்கான நான்கு கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஊர்ச் செய்தியை அளந்தால் உரப்பு −29, பீக் −8. ஆறு டெசிபல் ஏற்றினால் உரப்பு −23, பீக் −2. எந்தச் சிக்கலும் இல்லை. ஜவுளிக்கடை விளம்பரம் −10, பீக் பூஜ்யத்தைத் தொடுகிறது. பதின்மூன்று டெசிபல் இறக்க வேண்டும். சினிமாப் பாட்டு −9, பதினான்கு இறக்க வேண்டும். நான்காவது, தெருக்கூத்துப் பதிவு. உரப்பு −27, ஆனால் மத்தளத்தின் ஓர் அடியில் பீக் ஏற்கெனவே −1. நான்கு ஏற்றினால் பீக் கூரையை இடித்துக்கொண்டு மேலே போகும், ஒலி பிசிறடிக்கும். இங்கேதான் யோசிக்க வேண்டும். லிமிட்டர் வைத்து நான்கைந்து அடிகளின் நுனியைமட்டும் அமுக்கி ஏற்றலாம், இரண்டு மூன்று டெசிபல்வரை காதுக்கு உறுத்தாது. அதற்குமேல் அமுக்க வேண்டியிருந்தால், அந்தக் கோப்பை −25இலேயே விட்டுவிடுவது மேல். கட்டியங்காரனின் குரல் கேட்கிறது, அடி அடியாகவே விழுகிறது என்றால் இரண்டு அலகு குறைவதால் யாரும் ரிமோட்டைத் தேடப்போவதில்லை.

மற்ற மூன்று கோப்புகளையும் செய்திக்கு முன்னும் பின்னும் கேட்டால் விளம்பரத்தின் அலறல் போயிருக்கும். இப்போது இன்னொன்றும் காதில் படும். விடாமல் அமுக்கித் தயாரித்த விளம்பரம் −23க்கு இறங்கியதும் சப்பென்று கேட்கிறது. அதன் பீக் −13இல் முடங்கிக் கிடக்கிறது. மூச்சுவிட இடம் கொடுத்து மிக்ஸ் செய்த விளம்பரமோ அதே −23இல் உச்சிவரை எழுந்து பளிச்சென்று நிற்கிறது. "சவுண்டைக் குறைச்சிட்டீங்களே" என்று கேட்கும் கடைக்காரரிடம் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவது எந்த விளக்கத்தையும்விடப் பயன்தரும். அடுத்த விளம்பரத்தை எப்படி மிக்ஸ் செய்யச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

சராசரியை ஏமாற்றும் வித்தை ஒன்றும் உண்டு. இருபது விநாடி கிசுகிசுத்துவிட்டுக் கடைசிப் பத்து விநாடியில் "தள்ளுபடி" என்று கத்தினால் மொத்தக் கணக்கு −23 என்றே வரலாம். இதற்காகவே ஐரோப்பியப் பரிந்துரையின் துணைக்குறிப்பில், குறுகிய விளம்பரங்களில் எந்த மூன்று விநாடியும் −18ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். எல்லா லவுட்னஸ் மீட்டரிலும் இந்த மூன்று விநாடிக் கணக்குக்கு "ஷார்ட் டெர்ம்" என்று தனி வரி இருக்கும். விளம்பரம் வாங்கும்போது அதையும் பார்த்துவிட வேண்டும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஃபேர்லைட் பக்கத்தில் மீட்டர் இருக்கிறது. யூலீன் மீட்டருக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஆடாசிட்டியில் "லவுட்னஸ் நார்மலைசேஷன்" என்ற எஃபெக்ட் இருக்கிறது. ஆனால் அது ட்ரூ பீக்கைக் கவனிக்காது, எனவே ஏற்றிய பிறகு லிமிட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். கோப்புகள் குவியும் இடத்தில் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் லவுட்நார்ம் வடிகட்டி கைகொடுக்கும். அதில் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒரே ஓட்டத்தில் செய்தால் அது போகிற போக்கில் ஏற்றி இறக்கும், பேச்சின் நடுவே மின்விசிறிச் சத்தம் மேலெழுந்து அடங்கும். முதல் ஓட்டத்தில் அளந்து, அந்த எண்களைக் கொடுத்து இரண்டாவது ஓட்டத்தில் மாற்றுவதே சரி. அடுத்தது, அப்படிப் போகிற போக்கில் மாற்றும்போது அது ஒலியை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி வேலை செய்யும். வெளியே வரும் கோப்புக்கு 48 என்று சொல்லாவிட்டால் பிளேலிஸ்ட் கணினி அதை ஓட்டத் திணறும்.

நேரலையில் இப்படி முன்கூட்டியே அளந்து சரிசெய்யும் வசதி இல்லை. பழைய காலத்துக் கையும் காதும் அங்கே மறுபடி வேண்டும். தேரோட்டம், கூத்து, பட்டிமன்றம் எதுவானாலும் முதல் தவறு நடப்பது மைக்செட்காரரிடமிருந்து லைன் வாங்கும் இடத்தில்தான். பந்தல் மிக்சரின் வெளியீடு கேமராவின் மைக் உள்ளீட்டுக்குப் பல மடங்கு அதிகம். நேரே செருகினால் கேமராவின் உள்ளேயே ஒலி கிழிந்துவிடும். கேமராவில் லெவலைக் குறைத்து மீட்டரை அழகாகக் காட்டினாலும் கிழிந்தது கிழிந்ததுதான். கேமராவில் "லைன்" என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போட வேண்டும். இல்லையென்றால் நடுவே ஓர் அட்டெனுவேட்டர் கேபிள் வேண்டும். பந்தல் மிக்சரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் அதே வெளியீட்டை எடுக்காமல், தனியே ஒரு "ஆக்ஸ்" கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. ஊளையிடுகிறது என்று மைக்செட்காரர் மாஸ்டரைக் குறைத்தாலும் சேனலின் ஒலி இறங்காது.

பட்டிமன்றத்தில் கைதட்டலுக்கென்று ஒரு மைக் தனியாக வைத்து, அதைப் பேச்சைவிட ஐந்தாறு டெசிபல் கீழே பிடிக்க வேண்டும். நாதஸ்வரத்துக்கு எச்சரிக்கை தேவை. அதன் சக்தியில் பெரும்பகுதி காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லையிலேயே விழுகிறது. பீக் மீட்டர் அமைதியாக இருக்கும்போதே உரப்பு மீட்டர் எகிறும். தவில் இதற்கு நேர் எதிர்: பீக் துள்ளும், உரப்பு அவ்வளவு ஏறாது. இரண்டையும் ஒரே மைக்கில் பிடித்துவிட்டுப் பிறகு சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. ஓபிஎஸ் மென்பொருள் மூலம் நேரலை விடுபவர்கள் கம்ப்ரஸரை மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மென்மையாக வைத்து, அதன்பின் லிமிட்டரை −2இல் நிறுத்தினால் பெரும்பாலான விபத்துகள் தவிரும்.

இவ்வளவு செய்த பிறகும் "பக்கத்துச் சேனல் உரக்கக் கேட்கிறதே" என்ற கவலை வரும். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மறுபடி தொடங்கி மாதம் எழுபது ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது முதல் சிற்றூர் வீடுகளில் சேனல்களின் எண்ணிக்கை ஏறிவிட்டது. செட்டாப் பாக்ஸில் நம் சேனலுக்கு மேலும் கீழும் உள்ள சேனல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் வருகின்றன. போட்டிக்குப் போட்டி ஏற்றத் தொடங்கினால் முடிவே இல்லை. உள்ளே எல்லாக் கோப்பும் −23இலேயே இருக்கட்டும். அக்கம்பக்கத்துச் சேனல்களைவிடத் தணிந்து தெரிந்தால், கடைசியாக என்கோடரில் மட்டும், லிமிட்டரோடு சேர்த்து, மூன்று நான்கு டெசிபல் மொத்தமாக ஏற்றலாம். அப்போதும் செய்திக்கும் விளம்பரத்துக்கும் இடையே வித்தியாசம் இருக்காது. யூடியூபிலும் அதே நிகழ்ச்சி போகிறதென்றால் அதற்குத் தனிக் கோப்பு வேண்டும். அந்தத் தளம் ஏறக்குறைய −14க்கு மேலிருப்பதைக் குறைக்கும், கீழிருப்பதை ஏற்றித் தராது. பேச்சு நிகழ்ச்சிக்கு −16 பொருத்தம்.

வானொலியின் கதை வேறு. மத்திய அலை, சிற்றலைக் காலத்தில் ஒலியை அமுக்கி நிரப்பி அனுப்புவதற்கு நியாயமான காரணம் இருந்தது: அலை இரைச்சலுக்கு மேலே குரல் தலைதூக்கினால்தான் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும். எஃப்.எம்.மில் அந்தத் தேவை குறைந்தும் பழக்கம் தொடர்ந்தது. 1975இல் ஆர்பன் நிறுவனம் கொண்டுவந்த ஆப்டிமோட் போன்ற பிராசசர்கள் உலகெங்கும் நிலையங்களை உரப்புப் போட்டியில் இறக்கிவிட்டன.

மாவட்டத்தில் சமுதாய வானொலி தொடங்க நினைக்கும் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ அந்தப் போட்டிக்குப் போக வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004இல் தொடங்கி நடக்கிறது, பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை நடக்கிறது. இத்தகைய நிலையங்களுக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் டிரான்ஸ்மிட்டர் 50 வாட்தான். எஃப்.எம். அலை நேர்ப்பார்வையில் போவது. சமவெளியில் சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ நிறுத்திய ஆன்டெனாவின் அலை கல்வராயன் மலையின் முகட்டில் தடுக்கப்பட்டு, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளிமலை, கரியாலூர்ப் பள்ளங்களில் மெலிந்துபோகும். ஒலியை எவ்வளவு அமுக்கினாலும் மலை நகராது. அதற்குத் தீர்வு ஆன்டெனா நிற்கும் இடம். ஒலியில் கவனிக்க வேண்டியது இரண்டு. அலையின் விலகல் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. மேலும் அனுப்பும்போது கூர்மையான ஒலிகள் தாமாகவே உயர்த்தப்படுவதால், "ஸ", "ஷ" ஒலிகள் மீட்டரில் தெரியாமலே எல்லை மீறும். லிமிட்டர் அந்த உயர்த்தலையும் கணக்கில் எடுப்பதாக இருக்க வேண்டும்.

தொலைக்காட்சிச் சேனலிலும் மலையில் கேட்பவரை நினைத்துத்தான் கடைசிச் சோதனையைச் செய்ய வேண்டும். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்து டீக்கடையில் தொலைக்காட்சி, பஸ் ஹாரனுக்கும் பாய்லர் சத்தத்துக்கும் நடுவே பேசுகிறது. இரண்டாயிரம் அடிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்து வீட்டில் இரவு எட்டு மணிக்கு அதே சேனலை வைத்தால், வெளியே பூச்சிச் சத்தம் தவிர வேறில்லை. ஒரே −23 இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. டீக்கடையில் தணிந்த சொற்கள் காணாமல்போகும், மலை வீட்டில் திடீர் இசை அடிவயிற்றைக் கலக்கும். மீட்டரில் "லவுட்னஸ் ரேஞ்ச்" என்ற எண் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் காட்டுகிறது. செய்தியிலும் பாட நிகழ்ச்சியிலும் அது ஐந்தாறு அலகுக்குள் இருந்தால் இரண்டு இடத்திலும் தேறும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியைப் போல, எழுதிக்கொண்டே கேட்கும் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி என்றால் பின்னணி இசையைப் பேச்சுக்கு இருபது டெசிபல் கீழே இறக்கிவிட வேண்டும். ஸ்டூடியோவின் பெரிய ஸ்பீக்கரில் நிறைவாகக் கேட்பது, சிறிய டி.வி.யின் பின்பக்க ஸ்பீக்கரில் பேச்சை விழுங்கிவிடும். அதனால் அறையில் ஒரு பழைய சிறிய டி.வி. கட்டாயம் வேண்டும். அதன் வால்யூமை ஒரு முறை வைத்துவிட்டு, ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தொடாமல் பார்க்க வேண்டும். எங்கே கை ரிமோட்டுக்குப் போகிறதோ அந்தக் கோப்பின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பார்வையாளருக்கும் வழி இருக்கிறது. செயற்கைக்கோள் சேனல் என்றால் 2021 ஜூனில் வந்த திருத்த விதிகளின்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒப்புகையும் பதினைந்து நாளில் முடிவும் தர வேண்டியது சேனலின் பொறுப்பு. உள்ளூர் கேபிள் சேனல் என்றால் மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்கலாம். தேதி, நேரம், எந்த நிகழ்ச்சிக்கு நடுவே எந்த விளம்பரம் என்று எழுதி, வால்யூமைத் தொடாமல் இரண்டையும் சேர்த்து மொபைலில் எடுத்த பதிவையும் இணைத்தால் மனுவுக்கு வலு கூடும். அப்படி ஒரு மனு வந்தால் பதில் சொல்லச் சேனலிடம் பதிவேடு இருக்க வேண்டும். அதில் கோப்பின் பெயர், வந்தபோது இருந்த உரப்பு, ஏற்றிய அல்லது இறக்கிய அளவு, முடிவில் ட்ரூ பீக், ஷார்ட் டெர்ம் உச்சம் ஆகிய ஐந்து பத்திகள் போதும். விளம்பரக் கோப்பை வாங்கியதும், பிளேலிஸ்ட்டில் சேர்ப்பதற்கு முன்பே, அந்த வரியை நிரப்பிவிட வேண்டும்.